குறுக்கே போட்ட தையல்

கிழக்குத் தாம்பரம்
ஜனவரி 9

அன்பும் மரியாதையும் உள்ள சரோஜினி அக்காவுக்கு, எப்சி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் நானும் மகள் பிளஸ்ஸியும் மருமகன் ஆஸ்டினும் இங்கே சுகம். பெங்களூரில் உங்கள் சுகத்தையும் மகன் ஆல்வின் குடும்பத்தின் சுகத்தையும் அறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. கடிதத்தோடு ஒரு பொட்டலமும் வரும். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் அதைப் பிரிக்கவேண்டும்.

டிசம்பர் மழையில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர். அனகாபுத்தூரில் என் தங்கை வீட்டுக்குள் ஆறு வந்து பார்த்துவிட்டுப் போனது. கட்டிலை மாடிக்கு ஏற்றியே அவளுக்கு இடுப்பு போய்விட்டது. சர்ச்சில் கிறிஸ்துமஸ் மரம் இந்த வருஷமும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. சரோஜினி இருந்தவரைக்கும் நேராக நின்றது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நீங்கள் பெங்களூர் போன பிறகு ஆறு வருஷமாக அதைக் கட்டி நிறுத்துகிறவள் நான். அது யார் வாயிலும் வரவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் நம் சபை ஐயர் பேப்பரை விரித்துக் காட்டினார். உங்கள் படம், அதுவும் கலரில். பழைய பயிற்சி விமானத்தின் பின்னிருக்கையில், வால் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, துப்பாக்கி பொருத்துகிற இரும்பு வளையத்தில் ஒரு கையைப் போட்டிருந்தீர்கள். கட்டியிருந்தது நான் உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த பச்சைப் புடவை. எண்பது வருஷத்துப் பின்னிருக்கைச் சாமான்களுக்குத் தாம்பரத்துத் தையல்காரம்மா உயிர் கொடுத்தார் என்று கீழே போட்டிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் அக்கா. உள்ளங்கை எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது.

ஏன் எரியாது? அந்தப் பழைய விமானத்தைப் புதுப்பிக்கிற விமானத்துக்காரர் முதலில் போன் போட்டது எனக்கு. விமானப்படைத் தையல் பிரிவில் பாதுகாப்பு வார் தைத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து, யார் யாரையோ பிடித்து என் நம்பரை வாங்கியிருந்தார். ஏதோ ஷாமியானா தைக்கக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கு மூட்டுவலி, அங்கே பெங்களூரிலேயே சரோஜினி அக்கா இருக்கிறார் என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்தவளும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் நாம் ஒரே கூரையின் கீழ் தைத்தோம். ஜன்னலோரத்து மிஷின் உங்களுக்கு. இருக்கை உறை, மெத்தை, அதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டுகிற வேலை உங்களுக்கு. ஹெலிகாப்டர் கதவோரம் நின்று வேலை செய்கிறவர்கள் விழாமல் இருக்க, இடுப்பிலிருந்து தரை வளையத்துக்குப் போகிற அந்த வார் மட்டும் எனக்கு. குரங்குவால் என்று நாம் கேலி செய்வோமே, அதுதான். வாலுக்கு யார் பாராட்டு சொல்வார்கள்? யாரும் விழாதவரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் விமானத்தின் பின்னிருக்கையில் எழுந்து நின்று சுடுகிறவருக்கும் இதே வால்தான் என்று நீங்கள் போனில் சொன்னபோது, இத்தனை வருஷம் கழித்து என் வேலையும் உங்களிடம் போய்விட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனிமேல்தான் விஷயம். நவம்பரில் நீங்கள் மாதிரி தைத்துப் பார்க்க ஒன்றரை மீட்டர் வார்ப் பட்டியும் ஒரு நூல்கண்டும் கூரியரில் அனுப்பி ஒன்று கேட்டீர்கள். பழைய வாரின் முனை மக்கிப்போய்விட்டது, தையல் எப்படிப் போனது என்று தெரியவில்லை, வளையத்துக்கிட்ட முடிக்கும்போது குறுக்கே ஒரு வரிசை ஓட்டுவோமா, ஓட்டமாட்டோமா, எப்சி, உனக்குத்தான் ஞாபகம் இருக்கும் என்றீர்கள். எனக்கு ஞாபகம் இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சுப்ரமணியன் சார் ஒரு தபால்தலைத் தாளைக் கிழித்துக் காட்டியது உங்களுக்கு மறந்துபோயிருக்கும். வரிசையா ஓட்டை போட்டா இப்படித்தாம்மா கிழியும், நீளவாக்குல எவ்ளோ வேணா தைங்க, வாருக்குக் குறுக்கே மட்டும் ஊசியை ஓட்டாதீங்க என்றார். நீங்கள் மெத்தைப் பக்கம் போய்விட்டீர்கள். நான் அதை ஆயிரம் வாரில் கடைப்பிடித்தேன்.

ஆனால் நான் உங்களிடம் என்ன சொன்னேன்? குறுக்கே ரெண்டு வரிசை ஓட்டுங்கக்கா, பார்க்கப் பெட்டி மாதிரி அழகா இருக்கும் என்றேன்.

யாரையும் கொல்லவேண்டும் என்று சொல்லவில்லை அக்கா. அந்தப் பாவம் என் மேல் இல்லை. விமானத்தைச் சோதிக்க வருகிறவர் வாரை இழுத்துப் பார்ப்பார், குறுக்குத் தையலைப் பார்த்ததும் தூக்கிப் போடுவார், இது யார் தைத்தது என்று நாலு பேர் முன்னால் கேட்பார், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பீர்கள். அவ்வளவுதான் என் ஆசை. அதை நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். வார் என்றால் தாம்பரத்து எப்சியைக் கேட்டிருக்கவேண்டும் என்று அவர் சொல்வதுபோல் நானே ஒரு வசனமும் எழுதி வைத்திருந்தேன்.

வந்தவர் கண்ணால் பார்த்துவிட்டு வெகு அழகான தையல் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் சொன்னீர்கள், ஜனவரி இருபத்தைந்தாம் தேதி விமானம் பறக்கப்போகிறது, பின்னிருக்கையில் உங்களையே ஏற்றப்போகிறார்கள், ஏரிக்கு மேலே வரும்போது இருக்கையின் கண்ணாடி மூடியைத் திறந்து எழுந்து நின்று கீழே இருப்பவர்களுக்குக் கை காட்டலாம், பிடித்துக்கொள்ள நீங்கள் தைத்த வால் இருக்கிறது என்று. மூன்று சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தீர்கள்.

அன்றைக்குக் கேக் எனக்கு இறங்கவில்லை. ஒன்றும் ஆகாது, பட்டி புதுசுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியிலேயே பாதி வெட்டி, உங்களுக்குச் சொன்ன மாதிரியே குறுக்கே இரண்டு வரிசை ஓட்டினேன். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்து ஆஸ்டின் ஒரு சாக்கு மணல் கொண்டுவந்தான். வாரை மாடிக் கம்பியில் மாட்டி, மறுமுனையில் சாக்கைக் கட்டி, கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக் கீழே தள்ளச் சொன்னேன். முதல் தரம் தாங்கியது. இரண்டாம் தரமும் தாங்கியது. மூன்றாம் தரம் தையல் வரிசையிலேயே டர்ரென்று கிழிந்து, மணல் எதிர்வீட்டு ஸ்கூட்டர்மேல் கொட்டியது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. கிழிந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சார் அன்றைக்குக் கிழித்த தாளின் ஓரம் அப்படியே இருந்தது. எழுபத்தெட்டு கிலோவும் பச்சைப் புடவையுமாக நீங்கள் எழுந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

உடனே போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் விமானக் கொட்டகையில் இருந்தீர்கள். அதில் ஏறாதீங்கக்கா என்று வாயைத் திறந்தவுடனே ஸ்பீக்கரில் போட்டு, பாருங்க, எங்க எப்சிக்கு வயித்தெரிச்சல், அதான் ஏறாதேங்கறா என்று சொல்லிச் சிரித்தீர்கள். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கினேன். ஆல்வினைத் தனியாகக் கூப்பிட்டு, என் பார்சல் வருகிறவரை அம்மாவை அந்த இருக்கையில் ஏற்றாதே, வேறு யாரும் அந்த வாரை மாட்டவும் விடாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் ஆன்ட்டி என்றான். அம்மா கடிதத்தைப் படிக்கட்டும், அவரே சொல்வார் என்றேன்.

பொட்டலத்தில் இருப்பது மீதிப் பட்டியில் நான் தைத்த வார். நூலுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் தேன்மெழுகு வாங்கித் தேய்த்திருக்கிறேன். எல்லாம் நீளவாக்கில், கையாலேயே போட்ட தையல். விரல் மடங்க நேரமாகிறது, நாலு நாள் பிடித்தது. அதே சாக்கை இருபது தரம் தள்ளியாயிற்று, ஒரு இழை நகரவில்லை. இருந்தாலும் என் பேச்சை நம்பவேண்டாம். ஒரு தரம் நம்பியதே போதும். பொட்டலத்தில் கிழிந்த துண்டையும் வைத்திருக்கிறேன். இரண்டையும் விமானத்துக்காரரிடம் காட்டி, கண்ணால் மட்டும் பார்க்காமல் எடை கட்டி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் தைத்த அந்த வாரை உங்கள் கையாலேயே வெட்டிப் போடுங்கள். தப்பு யாருடையது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். புது வார் யார் தைத்தது என்று கேட்டால் நீங்களே தைத்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள். பேப்பர்க்காரர்கள் இன்னொரு தரம் வந்து பெயரை மாற்றி எழுதவா போகிறார்கள்?

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. நீங்கள் மேலே போய்விட்டு வந்து, எப்படி இருந்தது தெரியுமா எப்சி என்று ஆரம்பித்தால் எனக்கு மறுபடியும் எரியும். முப்பத்திரண்டு வருஷம் தாம்பரத்தில் தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு தரம் யாராவது என்னை ஏற்றிக்கொண்டு போனார்களா? அதனால் கொஞ்ச நாள் சொல்லாதீர்கள். என்மேல் கோபமாக இருந்தால் ஈஸ்டர் வரைக்கும் பேசாமல் இருங்கள், அதற்குமேல் வேண்டாம். எனக்கு உங்களை விட்டால் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

ஏறும்போது வாரை இடுப்பில் நன்றாக இறுக்கி மாட்டுங்கள். கொக்கி வளையத்தில் விழுந்ததா என்று இரண்டு தரம் தடவிப் பாருங்கள். போகும்போதும் இறங்கும்போதும் ஆண்டவர் உங்களோடு இருப்பார். ஏரிக்கு மேலே நீங்கள் எழுந்து நிற்கும்போது பின்னால் இடுப்பில் ஒரு இழு இழுக்கும். பயப்படாதீர்கள் அக்கா, அது நான்தான்.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
எப்சி