பதினொரு கையெழுத்து

அக்கா,

மூன்று கிழமைக்கு முன் நகரசபைத் தேர்தலின் மாதிரித் தாள் தபாலில் வந்தது. மடிப்பை விரித்தால் சாப்பாட்டு மேசையை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் தொங்குகிறது. புது மையின் மணம். அது மூக்கில் ஏறியதும் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் விரல் தானாக இடமிருந்து நாலாவது பத்திக்குப் போய், மேலிருந்து எண்ணிக்கொண்டு இறங்கி, முப்பத்தெட்டில் நின்றது. போன முறை உங்கள் பெயர் இருந்த இடம். இம்முறை அங்கே வேறு யாரோ.

நான் சொல்லச் சொல்ல மேல்மாடியில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பிள்ளை இதை எழுதுகிறாள். இங்கே டார்ம்ஸ்டாட்டில் படிக்க வந்தவள். நான் "போறன்" என்றால் அவள் "போகிறேன்" என்று எழுதுகிறாள். எழுதட்டும். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நீங்களும் நானும் துப்புரவு வேலை. நீங்கள் எங்கள் குழுவுக்குப் பொறுப்பு. பெரிய விரிவுரை மண்டபத்துக் கரும்பலகை என் பங்கு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எழுதிக் கிடக்கும். இருபது வருடம் அழித்தேன், ஒன்றும் விளங்காமல்.

"என்ன தம்பி, இண்டைக்கு என்ன படிச்சனியள்?" என்று வாளியோடு கடந்து போகும்போது கேட்பீர்கள்.

"எல்லாத்தையும் துடைச்சுத் துடைச்சுப் படிச்சிட்டன்" என்பேன்.

விடிய ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்துக்கு வந்து சேர பஸ் இல்லை. நகரத்தின் ஓரத்தில் இருந்த பெண்கள் முக்கால் மணித்தியாலம் பனியில் நடந்து வருவார்கள். நீங்கள் பஸ் கேட்டு நகரசபைக்கு ஆன்ட்ராக் மேல் ஆன்ட்ராக், மனு மேல் மனுவாக எழுதினீர்கள். ஏலாது என்றே பதில் வந்தது. ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டு சொன்னீர்கள்: "வெளியிலை நிண்டு கேட்டது காணும். இனி உள்ளுக்கை இருந்துதான் கேக்கவேணும்." போய் ஒரு கட்சியில் இடம் கேட்டீர்கள். பட்டியலில் முப்பத்தெட்டாவதாகப் போட்டார்கள்.

"சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருக்கினம், அக்கா."

"இருக்கட்டுமே. அலங்காரத்தை வாசலிலைதானே வைப்பினம்."

சந்தையடியில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றீர்கள். கோட்டுப் போட்ட ஒருவர் நின்று, எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "ஐயா, இருபத்திரண்டு வருஷமா உங்கட புரொபசர்மாருக்கு முதல் நான்தான் வகுப்புக்குப் போறனான்." அவர் துண்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இந்த ஊர் வாக்கில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் கீறும் புள்ளடியை ஒரே ஆளுக்கு மூன்று வரை போடலாம். கட்சி கீழே தள்ளிய ஆளையும் சனம் மேலே தூக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டேன். கொரோனாக் காலம், வீடு வீடாகப் போக முடியாது. ஆனால் எங்கள் வயதான ஆட்கள் பத்துப் பேரின் நம்பரும் என் தலைக்குள் இருந்தது. ஒவ்வொருவராக எடுத்தேன். நாலாவது பத்தி, முப்பத்தெட்டாவது ஆள், மூன்று புள்ளடி. அதோடு நின்றிருக்கலாம்.

"முடிச்சாப் பிறகு அக்கான்ரை பேருக்குப் பக்கத்திலை உங்கட கையெழுத்தை வையுங்கோ. இல்லாட்டிச் செல்லாது" என்றும் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு, கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்த தாள்களைக் கண்டுகண்டு எனக்குள் ஊறிப்போன பயம் அது. என் பெயரை மட்டும் தமிழில் எழுதத் தெரியும். அதை அவ்வளவு பெரிய தாளில் ஆறுதலாக, வடிவாக எழுதினேன். படித்த ஆட்களும் என் பேச்சைக் கேட்டார்கள். அவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கு முடிந்தது. முதலில் கட்சிக்கு மட்டும் புள்ளடி போட்ட தாள்களை எண்ணினார்கள். நீங்கள் அடியில் கிடந்தீர்கள். திங்கள் முதல், ஆளுக்கு ஆள் புள்ளடி போட்ட தாள்கள். அன்று மாலை இருபத்தாறாவது. செவ்வாய் பதினைந்து. எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. புதன்கிழமை முடிவு வந்தது. உங்கள் பட்டியலுக்கு ஒன்பது ஆசனம். நீங்கள் பத்தாவது. ஒன்பதாவது ஆளுக்கும் உங்களுக்கும் இருபத்தெட்டு வாக்கு வித்தியாசம்.

"களவு பண்ணிப்போட்டாங்கள்!" என்று தொலைபேசியில் கத்தினேன்.

"இல்லைத் தம்பி. எல்லாம் சரியாத்தான் எண்ணினவை. நான் மூண்டு நாளும் நிண்டு பாத்தனான்."

அந்த வருடமே இலையுதிர் காலத்தில் நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றதும் வாக்குச்சாவடியில் இருந்த பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினார். புள்ளடி மட்டும் போடுங்கள், பெயரோ கையெழுத்தோ வைத்தால் அந்தத் தாள் செல்லாது என்றார். எப்படியோ போட்டுவிட்டு வெளியே வந்தேன். என்னோடு பதினொரு பேர், ஆளுக்கு மூன்று. முப்பத்து மூன்று. இதைக் கூட்ட எழுத்துத் தேவையில்லை. நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"அக்கா, கையெழுத்து வைச்சாச் செல்லாதாம்."

"ஓம், செல்லாது." நீங்கள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எண்ணேக்கையே. தமிழ் எழுத்தைக் கண்டாக் கண் போகாதே? பதினொண்டையும் தள்ளி வைச்சவை. உங்கட கையெழுத்தைக் கிழமைக்குக் கிழமை வேலைத்தாளிலை பாக்கிறனான், எனக்குத் தெரியாதே?"

"நான்தான் அக்கா எல்லாருக்கும் சொன்னனான். நான்தான் உங்களைத் தோக்கடிச்சனான்."

"விடுங்கோ. எல்லாரும் புள்ளடியோடை முடிச்சுப்போடுவினம். எனக்கு எண்டு பதினொரு பேர் கையெழுத்தும் வைச்சுத் தந்திருக்கினம். இந்த ஊரிலை வேறை ஆருக்குக் கிடைச்சது?" சிரித்தீர்கள். என்னால் முடியவில்லை.

"ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

கோப்பையை என் பக்கம் தள்ளினீர்கள். "சொல்லியிருந்தா, இண்டைக்கு வாக்குப் போடப் போயிருப்பியளே?"

போயிருக்க மாட்டேன். அந்த வாக்குச்சாவடிப் பக்கமே தலை வைத்திருக்க மாட்டேன்.

ஆசனம் இல்லை என்று நீங்கள் வீட்டில் இருக்கவில்லை. நகரசபை கூடிய ஒவ்வொரு முறையும் பார்வையாளர் பக்கத்தில் போய் இருந்தீர்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, அந்த ஒரே பஸ்ஸைக் கேட்டீர்கள். கடைசியில் உங்களைக் கண்டாலே "ஆ, பஸ்" என்று தலையாட்டுவார்களாம். இப்போது நாலே முக்காலுக்கு ஒரு பஸ் ஓடுகிறது. உங்களால் வந்தது என்று அதில் எழுதியில்லை. எழுதியிருந்தாலும் நான் வாசிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தெரியும். இம்முறை உங்களைப் பட்டியலில் மேலே போடுவதாக இருந்தார்கள். அதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

மாதிரித் தாள் வந்த அன்றே தொலைபேசியை எடுத்தேன். பத்துப் பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. எட்டுப் பேருக்கும் உண்மையைச் சொன்னேன். சின்னத்துரை அண்ணை கேட்டார்: "அப்ப அக்காவைத் தோக்கடிச்சது நாங்களோ?"

"நீங்கள் இல்லை அண்ணை. நான்."

"இவ்வளவு நாளும் ஏனடா சொல்லேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது, அண்ணை."

அதோடு தொலைபேசியை வைத்துவிட்டார். இனி இந்த மனிதன் வாக்குப் போட மாட்டார், நீங்கள் காத்து வைத்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. தேர்தல் ஞாயிறு மத்தியானம் அவர்தான் முதலில் எடுத்தார்.

"டேய், போட்டிட்டன். வெறும் புள்ளடிதான். உன்னை மாதிரி வடிவாக் கீறேல்லை."

மாலைக்குள் எட்டுப் பேரும் எடுத்துவிட்டார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எண்ணும் மண்டபத்துக்குப் போனேன். யாரும் நின்று பார்க்கலாம் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். தாள்கள் விரிந்து விரிந்து மடிந்தன. எங்கள் எழுத்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மூன்று மணித்தியாலத்தில் முழங்கால் காணும் என்று சொல்லிவிட்டது, வெளியே வந்து அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தேன். நீங்கள் மூன்று நாள் நின்றீர்கள், அக்கா. எங்கள் தாள்கள் ஒவ்வொன்றாய்த் தள்ளி வைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அந்தப் புதன்கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தபோது, முடிவைச் சொல்லும் முன் நீங்கள் கேட்டது ஒன்றுதான். அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

"தம்பி, சாப்பிட்டிட்டியளே?"