காட்சி ஒன்று: வாப்பா வருகிறார்

ஜூலை 4, சனி

எழுதிவைக்கும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, மன்னிக்கவேண்டும். சொல்ல ஆள் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் சனிக்கிழமைகளில் கூடும் குறும்படக் குழு, என் திரைக்கதையைப் படமாக்கத் தெரிந்தெடுத்திருக்கிறது. ஒரு தகப்பன் தினமும் காலையில் மகளை மோட்டார் சைக்கிளில் அவள் வேலை செய்யும் கந்தோருக்குக் கொண்டுபோய் விடுகிறார். அவ்வளவுதான் கதை. அது என் வாப்பாதான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவருக்குத் தெரியுமா என்று குழுவில் இருக்கும் நிரோஜினி கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவர் ஓம் என்று சொல்லாமல் கமராவைத் தூக்கக்கூடாது என்றாள். நியாயம்தானே. எங்கள் வீடு, எங்கள் வாசல், அவருடைய சைக்கிள்.

எப்படிக் கேட்பது? நானும் வாப்பாவும் கதைப்பது குறைவு. பாதி வழி காற்றுத்தான் கதைக்கும்.

படத்தை எடுக்கப்போகிற தனஞ்சயன் என் வரி ஒன்றைச் சத்தமாக வாசித்தான்: ‘அவருக்கு மகள் மேல் அளவில்லாத பாசம்.’ பிறகு என்னைப் பார்த்து, “இதை எந்த லென்ஸால எடுக்கிறது, ரிஸ்லா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, இப்போது நடப்பது — இவை மட்டும்தான் காட்சி விவரிப்பில் வரலாமாம்.

ஜூலை 6, திங்கள்

காலையில் வாப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கச்சான் காற்று வாசல் முழுக்கத் தூசியைக் கொட்டியிருந்தது. வாப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து மோட்டார் சைக்கிள் ஆசனத்தின் பின்பாதியைத் துடைத்தார். பின்பாதியை மட்டும். முன்பாதித் தூசியில் அப்படியே ஏறி உட்கார்ந்தார்.

இதை எத்தனை வருடமாகச் செய்கிறார்? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

பாச வரியை வெட்டிவிட்டு இதை எழுதினேன்.

ஜூலை 8, புதன்

வாப்பாவிடம் இன்றும் கேட்கவில்லை.

ஜூலை 11, சனி

துவாய் வரி தனஞ்சயனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் என் ‘வருகிறார்’, ‘துடைக்கிறார்’ எல்லாவற்றிலும் பென்சிலால் கோடு. விவரிப்பில் எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே அளவு, ‘-ஆன், -ஆள்’ விகுதிதானாம்.

“மரியாதையும் கண்ணுக்குத் தெரியாத சாமான்தான். ‘வருகிறார்’ எண்டு போட்டா, ஆள் நல்லவர் எண்டு நீங்கள் கமராவுக்கு முந்திச் சொல்லிப்போடுறீங்கள்,” என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், வருகிறான், துடைக்கிறான் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சொன்னால் உம்மா அகப்பையைத் தூக்குவா.

ஜூலை 13, திங்கள்

மாற்றிவிட்டேன். முதல் பக்கத்தை மட்டும் இரண்டு தரம் அழித்து எழுதினேன். பிறகு ஒரு அதிசயம். ‘அவன்’ என்று எழுதியதும் சைக்கிளடியில் வாப்பா இல்லை, யாரோ ஒரு ஆள் நின்றார். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்றும் படகில் நாள் முழுக்க நிற்கிற ஆள். இடது காலைக் கையால் தூக்கித்தான் சைக்கிளுக்கு மேலால் போடுகிறார். அந்தக் கால் ‘அவர்’ என்று எழுதியபோது ஏன் எனக்குத் தெரியவில்லை?

என் கதையில் வரும் தகப்பனின் பெயர் காசிம். அதையும் எழுதினேன்: ‘காசிம் இடது காலைக் கையால் தூக்கி வைக்கிறான்.’

ஜூலை 15, புதன்

அல்லாஹ், நான் என்ன வேலை செஞ்சிட்டன்.

அச்சடித்த தாள்களைக் கதிரையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தால் வாப்பாவின் கையில் தாள். மூக்கில் கண்ணாடி. ஒவ்வொரு சொல்லாக வாசிக்கிறார்: ‘காசிம் வருகிறான்.’

“ஆரு இந்தக் காசிம்?” என்றா உம்மா.

“என்ட சைக்கிள்லதான் ஏறுறான். வேற ஆரு?”

தாளை ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டு மஃரிபு தொழுகைக்குப் போய்விட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது. பெத்த வாப்பாவை அவன் இவன் எண்டு எழுதிப்போட்டு, அது விதி எண்டு சொன்னா அவருக்கு விளங்குமா? படிக்க வைத்தது இதுக்குத்தானா எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?

இனி எதைக் கேட்பது. சனிக்கிழமை போய்ப் படம் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

ஜூலை 16, வியாழன்

காலையில் வழக்கம்போல் கந்தோருக்குப் புறப்பட்டோம். வழியில் உள்ள பாலத்தின் நடுவில் சைக்கிளின் வேகம் குறைந்தது. முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

“எங்கட உம்மா மௌத்தானதுக்குப் பொறகு என்ன ஆரும் ‘அவன்’ எண்டு சொன்னதில்ல, மகள்.”

இறந்துபோன தன் உம்மாவைச் சொல்கிறார். விதியை விளங்கப்படுத்தப் பார்த்தேன், பாதியைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது. அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்துவிட்டேன். சிரிப்பு!

“அவன் எண்டே இருக்கட்டும். வயசு குறைஞ்ச மாதிரி இரிக்கி. படத்த எடுங்க. அந்தக் காலைத் தூக்குற இடத்த மட்டும் உங்கட உம்மாக்குக் காட்ட வேணாம், ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவா.”

ஜூலை 18, சனி

காசிமாக நடிக்கத் தனஞ்சயன் நகரத்து நாடக நடிகர் ஒருவரைக் கூட்டிவந்தான். நல்ல மனிதர், நல்ல குரல். ஒத்திகையில் முழு ஆசனத்தையும் பளபளவென்று துடைத்தார். பின்பாதி மட்டும் என்று சொன்னேன். அப்படியே செய்தார். பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனாலும் அது இல்லை.

கதையை எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே என் மனதில் வேறொரு முகம் இருந்தது. வாய் திறக்கப் பயந்து, இங்கேகூட எழுதாமல் வைத்திருந்தேன். இன்று நிரோஜினியிடம் மட்டும் சொன்னேன். “கேளுங்கோவன், அடிக்கவா போறார்?” என்றாள்.

ஜூலை 19, ஞாயிறு

வாப்பா முற்றத்தில் குந்தியிருந்து சைக்கிளின் பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன மகள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எழும்பவும் இல்லை. அவர் பிளக்கை ஊதி, பூட்டி, கையைத் துடைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டேன்.

“வாப்பா, நாடகக்காரர் வேணாம். காசிமா நீங்களே வருவீங்களா?”