இரண்டு துளைக்கு ஒரு கம்பி

மருதமுனை
14.05.2025

அன்பின் இராசதுரைக்கு,

நீயும் மகள் நிலாந்தினியும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். கலந்தர் எழுதுகிறேன், என் கையாலேயே. அசர் தொழுகைக்குப் பிறகு நூலகத்தில் றுஸ்தா ரீச்சர் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறா. ஏழு மாதமாய்ப் போகிறேன். இப்போது பஸ்ஸின் பெயரை நானே வாசித்து ஏறுகிறேன். ஒரு நாள் கல்முனைக்கு வேலையில்லாமலே போய் வந்தேன். என் மனைவி சபியா உம்மாவுக்கு முழங்கால் வலி, சிரிப்புக்குக் குறைவில்லை.

போன கிழமை கராஜ் மேசை லாச்சியை இழுத்தபோது உள்ளே உன் நீலக் கொப்பியைக் கண்டேன். பதினொரு வருடமாய் அதன்மேல் பழைய பிளக்குகளைப் போட்டு வைத்திருந்தேன்.

நீ என் கராஜில் வேலை செய்தபோது வந்த அதாவுல்லா மாஸ்டரின் வெள்ளைக் கார் ஞாபகமா? மற்றக் கார்களைப் போலவே, பிளக்குகளுக்குப் பொறி அனுப்பும் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி, காதால் கேட்டு, பொறி விழும் நேரத்தைச் சரிபண்ணினேன். காலையில் பார்த்தால் மாறியிருந்தது. மூன்று தடவை. மாஸ்டருக்கு முன்னால் உன்னைக் கேட்டேன்: "நான் பூட்டினத நீதானே களவாத் திருப்புறாய்?"

நீ கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "ஓம் கலந்தர், நான்தான்."

அன்றைக்கே உன்னைப் போகச் சொன்னேன். நீ திருகோணமலைக்குப் போய்விட்டாய்.

கொப்பியில் அந்தத் திகதிக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறாய்: "இந்தக் காரில் எஞ்சினின் வேகத்தையும் சூட்டையும் அறிந்து, பொறி விழும் நேரத்தைக் கம்ப்யூட்டரே முன்பின் தள்ளுகிறது. பொனற்று மூடியின் கீழ் உள்ள சின்னப் பெட்டியில் இரண்டு துளையைக் கம்பியால் இணைத்தால் அது தள்ளாமல் நிற்கும். அதன் பிறகுதான் நாங்கள் நேரம் வைக்க வேண்டும். காரின் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. கலந்தருக்குத் தனியே சொல்ல வேண்டும். ஆட்களுக்கு முன்னால் சொன்னால், புத்தகம் வாசிக்கத் தெரியாதது வெளியில் வந்துவிடும்."

கடைசி வரியை எழுத்துக் கூட்டி முடிக்க வெகுநேரம் போனது. ஒருவரும் திருப்பவில்லை, இராசதுரை. என் மானத்தைக் காக்கத்தான் நீ செய்யாததைச் செய்தேன் என்று சொன்னாய். நானும் நம்பினேன். ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

நேற்று அதே மாதிரி ஒரு கார் வந்தது. துளை இரண்டுக்கும் கம்பி போட்டு நேரம் வைத்தேன். அசையவில்லை. சந்தோசத்தில் உன்னைக் கூப்பிடத் திரும்பிவிட்டேன்.

மாஸ்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன், எனக்கு எழுத்துத் தெரியாமலிருந்ததையும் சேர்த்து.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒரு வரியாவது எழுது. ஏசுவதென்றாலும் எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தாக. யாரிடமும் வாசிக்கக் கொடுக்க மாட்டேன்.

உன் கூட்டாளி,
கலந்தர்