ஆளுக்கொரு ஊசி

மூஸ் ஜா, சஸ்காச்சுவான்
7 மார்ச் 2019

அன்புள்ள ஜஸ்டினா,

செவ்வாய்க்கிழமை சாஸ்கடூன் மருத்துவமனையில் நீ எடை பார்க்கும்போது, பின்னால் ஒரு காலை ஊன்றி உன்னைப் பத்துக் கிலோ ஏற்றிவிட்டாளே, அதே லேசியாதான் எழுதுகிறேன். உங்கள் ஹட்டரைட் மதக் காலனியில் பிள்ளைகளுக்குச் செல்போன் கிடையாது என்று நீ சொன்னபோது, பாவம் என்று நினைத்தேன். ஒரு தபால்தலைக்காக மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு யார் பாவம் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். அதைக் கொட்டத்தான் இந்தக் கடிதம்.

நம் இருவருக்கும் ஒரே சொரியாசிஸ். ஜனவரியில் ஒரே நாளில்தான் ஆய்வில் சேர்ந்தோம். மாதம் ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு ஊசி. சிலர் பெட்டியில் புது மருந்து, சிலர் பெட்டியில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று நர்ஸ் கோரலிக்கே தெரியாதாம். சரி, காகிதத்தில் தெரியாது. கண்ணுக்குமா தெரியாது? உன் பன்னிரண்டு உள்ளங்கை மூன்றாகிவிட்டது. என் பதினான்கு இன்னும் பதினான்குதான்.

நீ உள்ளே வருவதற்கு முன்னால் கோரலி என்னை அளந்தபோது நடந்ததைக் கேள்.

“உன் உள்ளங்கையாலதான் அளக்கணும் லேசியா. ஒரு உள்ளங்கைன்னா உடம்புல நூத்துல ஒரு பங்கு.”

“அப்ப கை பெரிசா வளந்தா வியாதி குறைஞ்சிடுமா?”

“உன் வாயை அளக்கச் சொன்னா நூத்துக்கு நூறு போட்டிருப்பேன். திரும்பு.”

சிரித்தேன். காரில் ஏறியதும் அழுதேன். அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அது அவர் எனக்குத் தரும் தனியறை.

ஜூலையில் நகர நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. தேர்வு முழுவதையும் கழுத்துவரை மூடிய உடையில் நீந்தி முடித்துவிட்டேன். வேலைக்குச் சிவப்புச் சீருடை, கையே இல்லாதது. உடம்பெல்லாம் செதில், நீந்தவும் தெரியும், ஆனால் தண்ணீருக்குள் இறங்கக் கூச்சம். என்ன மீன் நான்? என் ஊசி ஊசிப்போய்விட்டது ஜஸ்டினா. அவ்வளவுதான்.

லேசில் விடாத,
லேசியா ஹ்ரிட்சாக்

•

ஸ்டோனி கூலி காலனி
18 மார்ச் 2019

அன்புள்ள லேசியா,

எடை விஷயத்தில் நான் உன்னை மன்னித்துவிட்டேன். அம்மா மன்னிக்கவில்லை. ஒரு வாரமாகச் சாப்பாட்டுக் கூடத்தில் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிரிப்பதற்காக இரண்டு முறை, ஒரு முறை வேறு காரணத்துக்காக.

எங்கள் காலனியில் யாருக்கும் சொந்தமாக எதுவும் கிடையாது. டிராக்டரும் பொது, வாத்தும் பொது. போன கோடையில் மூன்று பெட்டி பீச் பழம் வந்தது. எழுபத்தெட்டுப் பேருக்கும் எண்ணிப் பிரித்தார்கள், கடைசியில் ஒரு பழத்தை நான்காக வெட்டினார்கள். இப்படி வளர்ந்தவளுக்கு, பக்கத்து நாற்காலியில் நீ சொறிந்துகொண்டிருக்க நான் மட்டும் ஆறுவது திருட்டுப்போல இருக்கிறது.

ஆகவே ஏப்ரல் இரண்டாம் தேதி பெட்டி வாங்கியதும் கீழ்த்தளக் கழிப்பறைக்கு வா. என் ஊசி ஒன்று உனக்கு, உன் ஊசி ஒன்று எனக்கு. காலி ஊசிகளை அடுத்த முறை அங்கேயே மாற்றிக்கொள்வோம். திருப்பித் தரும் காலி ஊசியில் அவரவர் எண் இருந்தால் கோரலிக்குப் போதும்.

இது தப்பா என்று இரண்டு நாள் யோசித்தேன். பகிர்ந்துகொள்வது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

என் தங்கை லீஸ்பெத்துக்கு ஒன்பது வயது. அவளுக்கும் தலையில் தொடங்கிவிட்டது. இந்த ஆய்வு நன்றாக முடிந்தால் அடுத்தது சின்னப் பிள்ளைகளுக்கு என்று டாக்டர் சொன்னாராம். தினமும் என் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாள்.

அன்புடன்,
ஜஸ்டினா வால்ட்னர்

•

மூஸ் ஜா
30 மே 2019

என் அருமைக் கழிப்பறைக் கூட்டாளியே,

ஐந்து! பதினான்கு உள்ளங்கை ஐந்தாகிவிட்டது! கோரலி இரண்டு முறை அளந்தார்.

“என்ன லேசியா, தோலை மாத்திட்டு வந்திருக்கியா?”

“பாம்புகிட்ட கடன் வாங்கினேன்.”

“திருப்பிக் கேட்டா குடுத்துடாதே” என்று சொல்லி, முதல் முறையாக என் தோளில் தட்டினார். கையுறை போடாமல்.

நேற்றுக் கையில்லாத சட்டையோடு வகுப்புக்குப் போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை ஜஸ்டினா! ஒருவர்கூட! யாரும் பார்க்காமல் இருப்பது இவ்வளவு பெரிய விருந்து என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை. மதியம் கணக்கு வாத்தியாரின் நாற்காலியை நூலகத்துக்குக் கடத்தினேன். அதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

செவ்வாயன்று நீ ஏன் அவ்வளவு அவசரமாகக் கிளம்பினாய்? மணிக்கட்டுவரை சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாய். காலனி வண்டிக்கு நேரமாகிவிட்டதா? காலி ஊசியை என் கையில் திணித்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் சிரிப்புக் கணக்கில் அன்றைக்குப் பூஜ்யம்.

வழுக்கி விழும் அளவுக்கு வழுவழுப்பான,
லேசியா

•

ஸ்டோனி கூலி காலனி
10 ஜூன் 2019

அன்புள்ள லேசியா,

உன் ஐந்து உள்ளங்கையைப் படித்து மகிழ்ந்தேன். அது பொய்யில்லை.

என்னுடையது இப்போது பதினைந்து. நான் சேர்ந்தபோதே பன்னிரண்டுதான்.

முழங்கையில் தொடங்கியது, இப்போது விரல்வரை வந்துவிட்டது. மாவு பிசையும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. சமையலறைத் தலைவி சூசி பெரியம்மா, “கை ஆறட்டும்டி, அதுவரை தோட்டத்தைப் பாரு” என்றார். செதில் மாவில் உதிரக்கூடும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். இந்த மாதிரி மருந்தை விட்டு விட்டுப் போட்டால், சில பேருக்கு உடம்பே அதை எதிரியாக நினைத்து எதிர்க்கக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு முழு அளவு போட்டாலும் கேட்காமல் போகலாமாம்.

“ஏதாவது ஊசி விட்டுப்போச்சாம்மா?”

“இல்ல டாக்டர்.”

“ஒண்ணுகூட?”

“இல்ல.”

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். ஒழுங்காகப் போட்டும் மருந்து வேலை செய்யவில்லை. அந்த வரியை எங்கேயோ யாரோ கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்பார்கள். லீஸ்பெத் இப்போது என் முழங்கையைத் தொடுவதில்லை. வெளியே போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை. யோசனை என்னுடையது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் லேசியா.

ஜஸ்டினா

•

மூஸ் ஜா
15 ஜூன் 2019

ஜஸ்டினா,

நகைச்சுவையாகத் தொடங்கலாம் என்று நான்கு தாள் கிழித்தேன். குப்பைக்கூடை சிரித்தது.

மன்னித்துவிடு. உன் கையைப் பற்றி எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும். அன்றைக்கு நீ சட்டைக் கையை இழுத்துவிட்டபோதே தெரியும். பத்து வருடமாக அதே வேலையைச் செய்தவள் நான். காலனி வண்டி என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் கேட்கிறேன், திட்டாதே. ஆகஸ்ட் கடைசிவரை பொறுக்க முடியுமா? குளம் மூடும்வரை. சொன்னால் அன்றைக்கே என்னை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், நீ கடைசியாகத் தந்த ஊசியையும் வாங்கிக்கொள்வார்கள். கடையில் இது கிடைக்காது. ஒரே ஒரு கோடை, ஜஸ்டினா. பத்து வாரம். இனி வரும் உன் பெட்டியை நான் தொடமாட்டேன், இரண்டையும் நீயே போட்டுக்கொள். ஏற்கெனவே தந்ததை வைத்து எத்தனை நாள் போகிறதோ போகட்டும். சொல்லாமல் மட்டும் இரு.

எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன்.

லேசியா

•

ஸ்டோனி கூலி காலனி
20 ஜூன் 2019

லேசியா,

ரகசியம் இரண்டு பேருடையது. உன்னைக் கேட்காமல் நான் மட்டும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே நான் சொல்லமாட்டேன்.

என் ஊசியில் பாதியை நீ கேட்காமலே தந்தேன். இன்னும் தருவேன். ஆனால் பொய்யில் எனக்குப் பங்கு வேண்டாம். டாக்டர் மறுபடி கேட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இருபத்தைந்தாம் தேதி வருகிறேன்.

ஜஸ்டினா

•

மூஸ் ஜா
27 ஜூன் 2019

அன்புள்ள ஜஸ்டினா,

செவ்வாயன்று என்னைத் தேடியிருப்பாய். நான் திங்கட்கிழமையே போய்விட்டேன். அம்மாவிடம் பல்வலி என்று சொல்லிக் காரை வாங்கி, தனியாக ஓட்டிக்கொண்டு போனேன்.

கோரலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏறக்குறைய எல்லாவற்றையும். நீ மாவு பிசைவதுபோல நானும் கொஞ்சம் பிசைந்தேன்.

“நான்தான் அவ பையிலிருந்து ஊசியை மாத்தினேன். மாசா மாசம். அவளுக்கு எதுவும் தெரியாது.”

“எண் வேற வேறயா இருக்குமே. அவ பார்க்கமாட்டாளா?”

“அவ மனுஷங்களை நம்புறவ.”

கோரலி பேனாவை மூடி வைத்தார். “இதுவும் உன் விளையாட்டுல ஒண்ணா லேசியா?” என்றார். ஆமாம் என்றேன். எடை இயந்திரம் முதல் எத்தனை சேட்டை பார்த்திருக்கிறார், நம்பிவிட்டார். என் பெயர் கெட்டிருந்தது முதல் முறையாகப் பயன்பட்டது.

என்னை எடுத்துவிட்டார்கள். உன் தாளில் ‘மருந்து கேட்கவில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘அளவு சரியாகப் போய்ச் சேரவில்லை’ என்று எழுதுவார்களாம். உன் தப்பு எதுவும் இல்லாததால் நீ தொடரலாம், வேறு அளவில் முயன்று பார்ப்பார்களாம். லீஸ்பெத்தின் வரியும் பிழைத்தது.

அப்படியே விட்டுவிடு. உன் பாதியை நான் மூன்று முறை எடுத்துக்கொண்டேன். இந்தப் பழியை முழுசாக எனக்கே கொடுத்துவிடு.

லேசியா

•

ஸ்டோனி கூலி காலனி
9 ஜூலை 2019

அன்புள்ள லேசியா,

இருபத்தைந்தாம் தேதி கோரலி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறேன்மா” என்றார். என்ன நடந்தது என்று புரிவதற்குள் புதுப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். உன் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது.

பெட்டி பதினான்கு நாள் குளிர்பெட்டியில் இருந்தது. திறக்கவில்லை. நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலையில் அவரே மருத்துவமனைக்கு வண்டி ஓட்டினார்.

“இது முதல்ல யாரோட யோசனை?” என்று கோரலி கேட்டார்.

“என்னோடது. அவ கேக்கவே இல்ல. நான்தான் குடுத்தேன்.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். “நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே” என்றார். சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னையும் எடுத்துவிட்டார்கள். நாம் இருவரும் மாற்றிப் போட்டது முழுவதும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது, மருந்தின் கணக்கில் சேராதாம். போன முறை எடுத்த என் ரத்தத்தையும் சோதித்திருக்கிறார்கள். அந்த மருந்து இனி எனக்குக் கேட்காது. டாக்டர் பழைய களிம்பையும் விளக்குச் சிகிச்சையையும் எழுதிக் கொடுத்தார். வாரம் மூன்று முறை ரோஸ்டவுன் போக வேண்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஊசிக்காக இல்லை. உன் பொய்க்குள் என்னைக் கேட்காமல் உட்காரவைத்தாய், அதுவும் நல்லவளாக. அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. கோபம் போக நாளாகும் என்று நினைக்கிறேன். நாளாகட்டும்.

குளத்தில் வேலை தொடங்கியிருப்பாய். திட்டுகள் திரும்பிவிட்டனவா? எழுது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று இரவு லீஸ்பெத்திடம், என்னைப்போலவே இன்னொருத்தி மூஸ் ஜாவில் இருக்கிறாள், அவள் அந்தத் தோலோடு நூறு பேர் முன்னால் நீந்தப்போகிறாள் என்று சொன்னேன். நம்பமாட்டேன் என்கிறாள். நேரில் பார்க்க வேண்டுமாம். இந்த மாதம் வராதே, அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆகஸ்டில் பட்டாணி பறிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. கையை மறைத்துக்கொண்டு வராதே.

ஜஸ்டினா