துளிர்த்த குச்சி

பாண்டுங்
ஜனவரி 6

என் இமாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சீரெபோனில், உன் அக்கா வீட்டில், உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே மழை விட்டபாடில்லை. என் ஃபோனை எடுக்கமாட்டாய், எழுதினால் படிப்பாய் என்று அக்கா சொன்னார்கள். பேனா பிடித்து எத்தனை வருஷமோ, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கிலாங்கின் பச்சோந்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளை போனபின் கவனிக்க ஆளில்லாமல் கூண்டில் இருந்த செடியெல்லாம் காய்ந்துவிட்டது. தலைவர் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் கதவையும் பார்க்கிறார். ஒரு வீடு விடாமல் நோட்டம் விடுகிற நம் தெருத் தலைவர் மாதிரியே இருக்கிறது என்று அவன் வைத்த பெயர் பொருத்தம்தான். ஆனால் கதவைப் பார்ப்பது யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

கூண்டில் என்ன செடி வைக்கலாம்? அவனோடு உட்கார்ந்து இலை கழுவியது நீதான். எனக்கு மோட்டார் சைக்கிள் கழுவத்தான் தெரியும்.

யாயாத்

*

சீரெபோன்
ஜனவரி 13

கிலாங்கின் அப்பாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் இருக்கிறேன்.

பூச்சி மட்டும் தின்னும் என்று நினைக்காதீர்கள். இலையையும் கடிக்கிற ஜாதி அது. செம்பருத்தி வையுங்கள், மணி பிளான்ட்டை ஏறவிடுங்கள். கடையில் வாங்கியதை அப்படியே உள்ளே வைத்துவிடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். மண்ணை உதறி, வேரை அலசி, புது மண்ணில் வைத்துச் சில வாரம் வெளியே நிற்கட்டும். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு நீனிங் அக்கா வேலியில் இருக்கிற செம்பருத்தியைக் கேட்டுத் தொட்டியோடு வாங்குங்கள், அவர் மருந்தே அடிப்பதில்லை. மண்மேல் பெரிய கூழாங்கல் பரப்புங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது. இலைமேல் தெளித்தால் சொட்டை நக்கும். அரளி கூடாது, குரோட்டன்ஸ் கூடாது, கிள்ளினால் பால் வடிகிற எதுவும் கூடாது. "பால் வந்தா வெளிய தூக்கிப் போடும்மா" என்பான்.

எதை வைப்பதானாலும் என்னைக் கேட்டுவிட்டு வையுங்கள். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் கொதித்தபோது நீங்கள் கேட்கவில்லை. "காத்து பட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று, காற்றை வெளியேற்றும் நாட்டு வைத்தியமாகக் காசை எடுத்து அவன் முதுகைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டினீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் அழுதேன். காய்ச்சல் இறங்கியதும் "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று சிரித்தீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தே என்று டாக்டர் சொன்னபோது தரையைப் பார்த்தீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கிறது.

இமாஸ்

*

பாண்டுங்
பிப்ரவரி 9

என் இமாஸுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. நடந்தது அதுதான்.

நீனிங் அக்கா ஒரு தொட்டிச் செம்பருத்தியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். "பச்சோந்திக்கு வீடு கட்டுற ஆளா நீ! உன் வீட்டு ஓட்டை மொதல்ல அடை" என்று திட்டிக்கொண்டேதான் கொடுத்தார். தலைவருக்கு நிறம் திரும்பிவிட்டது. நேற்று ஒரு பூவை முழுசாக விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த மாதம் பிள்ளைக்கு நூறாம் நாள். இமாம் உன்னைக் கேட்டார். வருவாயா?

யாயாத்

*

சீரெபோன்
பிப்ரவரி 17

காங் யாயாத்துக்கு,

பூவைக் காம்போடா கொடுத்தீர்கள்? அவன் காம்பைக் கிள்ளிவிட்டுத்தான் கொடுப்பான். இதைக்கூட எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது!

வருகிறேன். உங்களுக்காக இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் கடைசியாக அவன் கையில் ஏறி உட்கார்ந்த உயிர் அது. அது அங்கே இருக்கிறது என்றால் அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியும் என்று தோன்றுகிறது. ஓதி முடித்த பிறகும் சில நாள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதே உறுதி கேட்காதீர்கள். அரிசி மட்டும் வாங்கி வையுங்கள், போன தடவை மாதிரி வண்டு அரிசியாக வேண்டாம்.

இமாஸ்

*

பாண்டுங்
மார்ச் 7

என் இமாஸுக்கு,

பழையபடி 'காங்' என்று என்னைக் கூப்பிட்டு எழுதியிருந்தாய், சந்தோஷம். அரிசி வாங்கியாயிற்று. வண்டு இல்லை, கையை விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இன்னொரு நல்ல செய்தி. போன மாதம் மண்ணறைக்குப் போனபோது பிள்ளையின் தலைமாட்டில் வெள்ளையாகப் பூத்து நிற்கிற கம்போஜா மரத்திலிருந்து ஒரு மொட்டைக் கிளை முறிந்து கிடந்தது. செடி இல்லை, வெறும் குச்சிதான், அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை. தலைவர் ஏறி உட்காரட்டும் என்று செம்பருத்தித் தொட்டியில் ஊன்றினேன். இமாஸ், அது துளிர்த்துவிட்டது! இலையில்லாத குச்சி! பிள்ளையின் மேல் நின்ற மரம் அவன் கூண்டில் துளிர்க்கிறது. தலைவர் துளிரை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்கிறார். நம் பிள்ளையே ஊட்டிவிடுகிற மாதிரி இருக்கிறது. கூண்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் அவர் முன்புபோல ஓடிப் பதுங்குவதில்லை. பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். நீ வந்து பார்.

யாயாத்

*

சீரெபோன்
மார்ச் 11

காங் யாயாத்துக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த உடனே நானே ஃபோன் செய்தேன். திரும்பத் திரும்ப அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை. நீனிங் அக்காவுக்கு அடித்தேன். "அது காலைலயே கீழ விழுந்து கெடந்துச்சு இமாஸ். உம் புருஷன் அதத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்காரு. கிட்டப் போனா, 'தூங்குறான், சத்தம் போடாதீங்க'ங்கறாரு" என்றார்.

கம்போஜாவும் அரளி ஜாதிதான், ஒரு துளிரைக் கிள்ளிப் பார்த்திருந்தால் பால் கொட்டியிருக்கும். ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பகலில் அது கண்ணை மூடினால் நிம்மதி இல்லை காங், நோய். அன்றைக்குக் காய்ச்சல் இறங்கியபோதும் நீங்கள் நிம்மதி என்றுதான் நினைத்தீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை. பிள்ளைமேல் எனக்கு இருந்த அதே பாசம் உங்களுக்கும் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இனி உங்களோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது.

நூறாம் நாள் வருவேன். நேரே மண்ணறைக்கு வந்து ஓதிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். அரிசியை நீனிங் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். தலைவரைச் செம்பருத்தி வேலியோரம் புதையுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

அந்தக் குச்சியை வெறும் கையால் பிடுங்காதீர்கள். பால் பட்ட கையால் கண்ணைத் துடைத்தால் எரியும். முதலில் கையைக் கழுவிவிட்டு அழுங்கள்.

கிலாங்கின் அம்மா