வாட்சில் வந்த பேத்தி

வியாழன் இரவு.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, சிம் போட்ட வாட்சோடு மட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்து இன்றோடு நாலு நாள். கும்மிடிப்பூண்டியிலேயே இதைச் செய்த முதல் ஆள் நான்தான்.

காலையில் மகளைப் பிரசவத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இன்னிக்காவது வூட்டுக்குப் போய் போனை எட்துக்கினு போய்யா" என்றாள் என் வீட்டுக்காரி. "இதுலயே அமெரிக்காவுக்குப் பேசலாம்டி" என்று கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஷிப்டு முடிந்து ரயிலில் உட்கார்ந்திருந்தபோது வாட்ச் அடித்தது. பழக்கதோஷத்தில் மணிக்கட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அது ஸ்பீக்கரில்தான் பேசும் என்பது மறந்துவிட்டது. மாப்பிள்ளையின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது.

"மாமா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லாகீறாங்க!"

பின்னாலேயே என் வீட்டுக்காரி: "இன்னாய்யா சத்தத்தையே காணோம்? அழுவுறியா?"

ஐந்நூறு பேர் கை தட்டினார்கள். சரி, ஐம்பது பேர். டிரைவர்கூட ஹாரன் அடித்தார், எனக்காகத்தான்.

"தாத்தா ஆயிட்டியே நைனா!" என்று கூட வேலை செய்யும் ஏழுமலை என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வாட்சை எட்டிப் பார்த்தான். "இன்னா இது, நெஞ்சுத் துடிப்பு நூத்தி இருபதுன்னு காட்டுது?"

"ஓடியாந்து ரயில் ஏறினேன்ல, அதான்."

நான் ஓடவே இல்லை. காலையிலிருந்தே அது அப்படித்தான் காட்டியது. பொன்னேரியில் இறங்கி, பேத்தியை மடியில் வாங்கிய பிறகுதான் எண்பதுக்கு இறங்கியது.

பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இந்த வாட்சைத்தான் நம்ப முடியாது. எதையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்லும்.