தெரியாது என்று சொன்ன நாட்கள்

செவ்வாய், 4 நவம்பர்

காலையிலிருந்து தூறல். ட்ராம் பிந்தியது. பதினொரு மணிக்குப் பெண்கள் உதவி நிலையத்தில் மொழிபெயர்ப்பு. புதிய ஆள், தமிழ், வேறு விவரம் இல்லை.

கதவைத் திறந்தால் வ. அன்ரி.

(பெயர் எழுதக்கூடாது. இந்தக் கொப்பி கைப்பையை விட்டு வெளியே வராது.)

"நீர் இங்கை வேலை எண்டு தெரிஞ்சுதான் வந்தனான் பிள்ளை. உம்மட்டைச் சொல்லப் பயமாயும் இருக்கு. ஆனால் ஜேர்மனிலை இதைச் சொல்ல எனக்கு ஏலாது."

அவருடைய கணவர் சி. அங்கிள். அப்பாவின் உயிர் நண்பர். அப்பா அகதியாக வந்து முகாமில் இருந்தபோது உணவகச் சமையலறையில் வேலை எடுத்துக் கொடுத்தவர். தமிழ்ப் பள்ளியில் எனக்கு எழுதப் பழக்கியவர். இந்தக் கையெழுத்து அவர் தந்தது.

மொழிபெயர்ப்பில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் ஜேர்மனில் சொன்னேன்: என்னை அடித்தார். என்னைப் பூட்டி வைத்தார். என் பாஸ்போர்ட் அவரிடம்.

முடிந்ததும் பொறுப்பாளர் உல்ரிக்கவிடம் போனேன். தெரிந்த குடும்பம், என்னால் முடியாது என்றேன். "வேறு தமிழ் ஆள் கிடைக்கும்வரை நீதான்" என்றார். பிறகு மெதுவாக, "வீட்டில் ஒரு சொல்லும் கூடாது."

தெரியும். கையெழுத்துப் போட்டுத்தானே வேலைக்குச் சேர்ந்தேன்.

புதன், 5 நவம்பர்

தொண்டை வலி. பால், பாண், அம்மாவின் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

நாள் முழுக்கக் காப்பகங்களுக்கு அழைப்பு. இரண்டு பேருக்கு இடம் வேண்டும்: அன்ரியும் பன்னிரண்டு வயது மகளும். டுசல்டோர்ஃப் இடமில்லை. கொலோன் இடமில்லை. டோர்ட்முண்டில் தாய்க்கு மட்டும் உண்டு, பிள்ளைக்கு இல்லை. மதியத்துக்குப் பிறகு காப்பக வலையமைப்பின் எல்லாக் கிளைகளுக்கும் உல்ரிக்க மின்னஞ்சல் போட்டார்.

நான்கு மணிக்கு அன்ரி வீட்டுக்குத் திரும்பிப் போனார். சி. அங்கிள் வேலையால் வரமுதல் சமைக்க வேண்டுமாம். போகவிட்டோம். வேறு என்ன செய்வது?

வியாழன், 6 நவம்பர்

இடம் கிடைத்தது. தெற்கே, தூரத்தில். ஊர்ப் பெயரை இதிலும் எழுதமாட்டேன்.

வெள்ளி, 7 நவம்பர்

பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலிலேயே கூட்டிக்கொண்டோம். ஒரு புத்தகப்பை, ஒரு துணிப்பை. அவ்வளவுதான் பதினான்கு வருடக் கலியாணம்.

ஸ்ரேசனில் பிள்ளை கேட்டாள்: "அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?" அன்ரி அவளுடைய புத்தகப்பையை வாங்கித் தன் தோளில் போட்டார். ரயில் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் மேடையில் தமிழ் முகம் ஏதும் வருகிறதா என்று பார்த்தபடியே நின்றேன்.

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு சொல் மெசேஜ்: ஓம்.

ஞாயிறு, 9 நவம்பர்

மத்தியானம் சி. அங்கிள் எங்கள் வீட்டில். சவரம் செய்யவில்லை. அம்மா சோறு போட்டுக் கொடுத்தார். பிசைந்தார், உண்ணவில்லை.

"பிள்ளை, நீ அந்த இடத்திலை வேலை செய்யிறாய். ஒருக்காக் கேட்டுச் சொல்லன். உயிரோடை இருக்கினமோ எண்டாவது."

"எனக்குத் தெரியாது அங்கிள்."

அழுதார். நடிப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் போனபிறகு அப்பா: "தெரிஞ்சால் சொல்லு. இவர் இல்லாட்டி இண்டைக்கு நாங்கள் இல்லை."

"தெரியாது அப்பா."

"என்ரை கண்ணைப் பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் அப்பாவிடம் சொன்ன முதல் பெரிய பொய். அப்பா நம்பவில்லை. அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

திங்கள், 10 நவம்பர்

வேலை முடிந்து வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் அவருடைய சாம்பல் நிறக் கார். கை காட்டினார். நானும் கை காட்டினேன். வேறு என்ன செய்ய? சின்ன வயதிலிருந்து பழகிய கை.

இனிப் பின்வாசல். ட்ராம் வேண்டாம், பஸ். ரெலிபோனில் இருப்பிடம் காட்டுவதை நிறுத்தியாயிற்று. அறைக் கதவைப் பூட்டி எழுதுகிறேன். அன்ரி வெளியே வந்துவிட்டார், நான் உள்ளே போய்விட்டேன் என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய், 11 நவம்பர்

ஐரோப்பிய வலையமைப்பின் இணையவழிக் கூட்டம். பல நாட்டுப் பெண்கள், சின்னச் சின்னக் கட்டங்களில். எனக்கு ஐந்து நிமிடம்: மொழி தெரியாத பெண்களுக்கு உதவுவது பற்றி. எழுதி வைத்ததை வாசித்தேன். சிறிய சமூகத்தில் மொழிபெயர்ப்பவருக்கும் எல்லாக் குடும்பமும் தெரிந்திருக்கும் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

லிஸ்பனில் இருந்து ஒருவர் கேட்டார்: "அப்படியானால் மொழிபெயர்ப்பவரை யார் பாதுகாக்கிறார்கள்?"

நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறோம் என்றார் தலைவி. அடுத்த ஆள் பேசத் தொடங்கினார். நான் கமராவை அணைத்தேன்.

புதன், 12 நவம்பர்

அப்பா என்னுடன் பேசுவதில்லை. "அவளைச் சாப்பிட வரச்சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

பின்னேரம் சி. அங்கிள் திரும்பவும் வந்தார். கையில் வழக்கறிஞரின் கடிதம். மகளைத் திரும்பத் தரும்படி குடும்ப நீதிமன்றத்தில் அந்திராக், மனு, கொடுக்கப் போகிறாராம். நல்ல தகப்பன் என்று தெரிந்தவர்கள் எழுதித் தர வேண்டுமாம்.

"நான் எழுதித் தாறன்" என்றார் அப்பா. "வேணுமெண்டால் கோட்டிலையும் வந்து சொல்லுறன்."

நான் சுவரைப் பார்த்தேன். ஒரு வசனம் போதும், அப்பாவின் பேனை நின்றுவிடும். அந்த வசனம் என்னுடையதில்லை.

வெள்ளி, 14 நவம்பர்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. வெயில் எட்டிப் பார்த்தது, இந்த மாதத்தில் முதல் தடவை. அப்பா வேலைக்குப் போனபிறகு அம்மா கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து கட்டிலில் இருந்தார். எங்கள் எசன் நகரத் தமிழ்ப் பெண்களில் பாதிப்பேருக்குச் சாரிச் சட்டை தைப்பது அம்மாதான்.

"வ.வுக்கு எப்பவும் முழுக்கை. வெயில் காலத்திலையும் முழுக்கை. அளவெடுக்கேக்கை கையிலை அடையாளங்களைக் கண்டனான். ஏனெண்டு கேக்கேல்லை. இன்னும் ஒரு அங்குலம் நீட்டித் தைச்சுக் குடுத்தன்."

நான் கொத்தமல்லித் தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

"அப்பா எழுதிக் குடுக்கலாமெண்டால் நானும் சொல்லலாம்தானே. ஆரிட்டைச் சொல்லுறது?"

"அம்மா, நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

"உன்னட்டை நான் ஒண்டும் கேக்கேல்லையே. உங்கடை ஒஃபிஸ் நம்பரைத் தா."

அது எல்லோருக்கும் தரும் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா அறைக்குள்ளேயே நின்று அழைத்தார். உல்ரிக்கவின் குரல் எனக்கும் கேட்டது. முப்பது வருட ஜேர்மனில் அம்மா சொன்னார், ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், தமிழில்தான் சரியாகச் சொல்லமுடியும், ஆள் உண்டா என்று. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இன்று சுகமில்லை, திங்கட்கிழமை பத்தரைக்கு அவர் இருப்பார், வரமுடியுமா என்று உல்ரிக்க கேட்டார்.

"அந்த நேரத்துக்கே டெர்மின் போடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஜேர்மனில் சொன்னார்.

பெயர் கேட்டார் உல்ரிக்க. என்னைப் பார்த்தபடியே அம்மா எங்கள் குடும்பப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.